வாய்மை பெயரில் இருந்தால் போதுமா?

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இப்பத்திரிகையில், ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் தொழில் நடத்திய ஒரு பெரிய கம்பெனியைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். வினாவில் நியாயம் உண்டு. அக்கம்பெனியில் தறியும் இல்லை, ஏரும் இல்லை. ஆயினும், பலருடைய பணத்தைச் சிலரிடம் ஒப்புவித்து, அச்சிலரின் சொல்லை நம்பியிருக்கும் ஏற்பாடு அங்கும் உண்டு. நம் சங்கங்களிலும் உண்டு. பங்கு வாங்கியவர் கம்பெனியின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்க இயலாது. சங்கத்தில் பங்குத்தொகை கட்டிய நெசவாளியும் கிடங்குச் சாவியை மடியில் முடிந்து வைத்திருப்பதில்லை. இருவரும் நம்பியிருப்பது ஆண்டுதோறும் வாசிக்கப்படும் கணக்கு ஒன்றையே. அக்கணக்கு மெய்யாக இருப்பதற்கு யார் யார் எதை எதைச் செய்யவேண்டும், செய்யாவிடில் யார் கேட்கவேண்டும் என்னும் ஒழுங்கையே நிர்வாக முறை என்று சொல்கிறோம்.

இவ்வொழுங்கு கெட்டால் என்ன நேரும், சீர்பட்டால் என்ன நேரும் என்ற இரண்டையும் ஒரே ஸ்தாபனத்தின் வரலாற்றில் காண வேண்டுமானால், சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்னும் கம்பெனியின் கதையைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

பெயரும் விருதும்

சத்யம் என்றால் வாய்மை. 1987ஆம் ஆண்டு ராமலிங்க ராஜு என்பவர் தோற்றுவித்த இக்கம்பெனி, அயல்நாட்டு வியாபார ஸ்தாபனங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்துகொடுத்து வளர்ந்தது. 2001ஆம் ஆண்டு அதன் பங்குகள் நியூயார்க் சந்தையிலும் ஏறின. 2008ஆம் ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வேலை பார்த்து வந்தனர்.

நிர்வாக முறைக்குச் சட்டம் கேட்டவை யாவும் காகிதத்தில் குறைவின்றி இருந்தன. டைரக்டர்கள் சபையில் பெரும்பான்மையினர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்காத சுயேச்சை டைரக்டர்கள். சபையில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். மத்திய அரசாங்கத்தில் காபினெட் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். கணக்குகளைத் தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற ஆடிட்டர் நிறுவனமான பிரைஸ் வாட்டர்ஹவுஸ். சிறந்த நிர்வாக முறைக்கென்று வழங்கப்படும் 'தங்க மயில்' விருதும் 2008ஆம் ஆண்டிலேயே அக்கம்பெனிக்குக் கிடைத்தது. பின்னர் அவ்விருது திரும்பப் பெறப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஆக, பெரிய மனிதர்கள், பெரிய ஆடிட்டர், பெரிய விருது எல்லாம் இருந்தன. இவ்வளவும் இருந்தும் கணக்கு பொய்யாகவே இருந்தது. அது எவ்வாறு கூடிற்று என்பதே நாம் அறிய வேண்டிய விஷயம்.

ஒரே இரவில் நின்றது

2008ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி டைரக்டர்கள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மேதாஸ் என்ற பெயருடைய இரண்டு கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலர் கொடுத்து வாங்குவது என்பதே அத்தீர்மானம். அன்றைய மதிப்பில் அது 7,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. அவ்விரண்டும் நிலம், கட்டடம், சாலை முதலிய தொழில்களில் இருந்தவை. கம்ப்யூட்டருக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ஆனால் வேறொரு உறவு இருந்தது. அவற்றை முன்னின்று நடத்தியவர்கள் ராமலிங்க ராஜுவின் புதல்வர்கள். சத்யம் என்பதை ஆங்கில எழுத்துக்களில் எழுதிப் பின்னிருந்து படித்தால் மேதாஸ் என்று வரும்.

கூட்டத்தில் டைரக்டர்கள் சிலர் கேள்விகள் கேட்டனர். எனினும் முடிவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பங்குதாரர்களின் வாக்கு கேட்கப்படவில்லை. சத்யத்தில் அச்சமயம் நிறுவனர் குடும்பத்துக்கு இருந்த பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் பிறருடைய பணம். பிறர் பணத்தைக் கொண்டு தம் குடும்பத்தார் தொழிலைத் தாமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாக அது அமைந்தது.

ஆனால் இத்தீர்மானத்தை மூடி மறைக்க வழியில்லை. பங்குச் சந்தை விதிகளின்படி இத்தகைய முடிவை உடனே பகிரங்கமாக அறிவித்தாக வேண்டும். அன்று மாலை அறிவிப்பு வெளிவந்தது. பங்குதாரர்கள் கொதித்தெழுந்தனர். நியூயார்க் சந்தையில் சத்யத்தின் பங்கு விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. மறுநாள் பம்பாய்ச் சந்தை திறப்பதற்கு முன்பே, வாங்கும் யோசனை கைவிடப்பட்டதாக இரண்டாவது அறிவிப்பு வந்துவிட்டது.

பேராசிரியர்களும் முன்னாள் உயர் அதிகாரிகளும் நிறுத்தாத தீர்மானத்தை ஓர் அறிவிப்பு நிறுத்திற்று. உரியவர்களுக்கு உரிய நேரத்தில் செய்தி தெரிந்தது, அவர்கள் மறுத்தார்கள், காரியம் நின்றது. கணக்கையும் முடிவுகளையும் வெளியிடும் கடமை சம்பிரதாயத்துக்காக ஏற்பட்டதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பல ஆண்டுகள் நிற்காதது

டிசம்பர் மாதம் முடிவதற்குள் டைரக்டர்கள் நால்வர் ராஜினாமா செய்தனர். 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி ராமலிங்க ராஜு டைரக்டர்கள் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் நகல் பங்குச் சந்தைகளுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் செபி நிறுவனத்துக்கும் அனுப்பப்பட்டது. அதில் அவரே ஒப்புக்கொண்ட தொகைகள் இவை.

2008 செப்டம்பர் 30ஆம் தேதிக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. இல்லாத வைப்புத்தொகைக்கு வட்டி வரவேண்டும் அல்லவா? அவ்விதம் வரவேண்டிய வட்டி என்று 376 கோடி ரூபாய் எழுதப்பட்டிருந்தது. அதுவும் இல்லாத பணம். அந்தக் காலாண்டின் வரவு 2,700 கோடி என்றும், தொழிலில் கிடைத்த ஆதாயம் 649 கோடி என்றும் அறிவித்திருந்தனர். மெய்யான வரவு 2,112 கோடி. மெய்யான ஆதாயம் 61 கோடி. அதாவது நூற்றுக்கு 3 ரூபாய் கிடைத்த இடத்தில் 24 ரூபாய் கிடைத்ததாகச் சொன்னார்கள். கடிதம் வெளிவந்த நாளில், 179 ரூபாயை ஒட்டி விற்ற பங்கு 40 ரூபாய்க்கு இறங்கியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். 5,040 கோடி ரூபாயை எவ்வாறு மறைக்க முடிந்தது? பொய்யான விற்பனைப் பட்டியல்கள் எழுதப்பட்டன. வங்கிகளின் வைப்பு ரசீதுகளும் கணக்கு அறிக்கைகளும் போலியாகத் தயாரிக்கப்பட்டன. இவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே தணிக்கையில் மிக எளிய ஒரு முறை உண்டு. ஆடிட்டர் தாமே வங்கிக்கு நேராகக் கடிதம் எழுதி, 'இந்தக் கம்பெனியின் கணக்கில் இந்தத் தேதியில் என்ன இருப்பு?' என்று கேட்கவேண்டும். வங்கியும் ஆடிட்டருக்கே நேராகப் பதில் அனுப்பவேண்டும். இடையில் கம்பெனியின் கை படக்கூடாது. ஆனால் இங்கு அக்கடிதங்களை அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் கம்பெனி நிர்வாகத்தினிடமே விடப்பட்டிருந்தன என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011ஆம் ஆண்டில் கண்டு, பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

நம் தொழிலை வைத்துச் சொன்னால், நூல் கிடங்கைத் தணிக்கை செய்ய வந்தவர் வாசலிலேயே நாற்காலி போட்டு அமர்ந்து, 'உள்ளே எத்தனை சிப்பம் இருக்கிறது என்று எண்ணி எழுதிக் கொண்டுவாருங்கள்' என்று கிடங்குப் பொறுப்பாளரிடமே சொன்னதற்கு ஒப்பாகும் இது. எண்ணிக்கை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது தணிக்கை ஆகாது.

பொய்க் கணக்கு முடிவுகளையும் கெடுக்கும்

கணக்கு பொய்யானால் பங்குதாரர் ஏமாறுவர் என்பது யாவரும் அறிந்ததே. கம்பெனி எடுக்கும் முடிவுகளும் அதனால் கெடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நூற்றுக்கு 3 ரூபாய் ஆதாயம் என்று வெளிப்படத் தெரிந்திருந்தால், ஒரு நல்ல நிர்வாக சபை என்ன செய்யும்? செலவை எங்கே குறைப்பது, எந்த வேலையைக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டது தவறு, எந்தக் கிளையை மூடுவது என்றெல்லாம் ஆராயும். ஆதாயம் 24 ரூபாய் என்று எழுதிவிட்ட பின்னர் அத்தகைய ஆராய்ச்சிக்கே இடமில்லை. நோயில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டவன் மருந்து கேட்க முடியுமா?

மேலும், ஒரு காலாண்டில் கூட்டிச் சொன்னவர் அடுத்த காலாண்டில் அதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டியவராகிறார். குறைத்துச் சொன்னால் ஏன் குறைந்தது என்ற கேள்வி எழும். புலிமேல் ஏறியவன் இறங்கும் வழி அறியாத நிலை என்று ராஜு தம் கடிதத்தில் இதனைக் குறிப்பிட்டார். புலிவாலைப் பிடித்தவன் கதை நமக்கும் தெரிந்ததுதான்.

மேதாஸ் கம்பெனிகளை வாங்க முயன்ற காரணமும் இங்கேதான் இருக்கிறது. இல்லாத சொத்துக்குப் பதிலாக இருக்கும் சொத்தைக் கணக்கில் நிரப்புவதற்குச் செய்த கடைசி முயற்சி அது என்று அவரே எழுதினார். ஒரு சங்கத்தின் ஏட்டில் 200 சிப்பம் நூல் என்று எழுதியிருக்கிறது. கிடங்கில் இருப்பதோ 12 சிப்பம் என்று வைத்துக்கொள்வோம். தணிக்கை நாள் நெருங்குகிறது. 188 சிப்பத்தை விற்று, அப்பணத்துக்குத் தம் தம்பியின் மனையைச் சங்கத்துக்கு வாங்கியதாகக் காரியதரிசி ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். இல்லாத நூல் ஏட்டைவிட்டுப் போய்விடும்; மனை ஏட்டில் ஏறிவிடும். தம்பிக்குப் பணம் மெல்லக் கொடுத்தால் போதும். சத்யத்தில் நடக்க இருந்தது ஏறத்தாழ இதுவே. ஆகவே, சம்பந்தமில்லாத சொத்தை உறவினரிடமிருந்து அவசரமாக வாங்கும் தீர்மானம் எங்கே வந்தாலும், அச்சொத்தின் விலையைக் கேட்பதோடு நில்லாமல், பழைய இருப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதே கைகள், வேறு நிர்வாகம்

கடிதம் வெளிவந்த சில நாட்களில் மத்திய அரசாங்கம் பழைய டைரக்டர்கள் சபையை நீக்கிப் புதிய சபையை நியமித்தது. வீட்டுக்கடன் துறையில் பெயர்பெற்ற தீபக் பாரேக், கம்ப்யூட்டர் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த கிரண் கார்னிக், சட்ட வல்லுநர் அச்சுதன் ஆகிய மூவர் முதலில் நியமிக்கப்பட்டனர். பின்னர் மேலும் மூவர் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர், இந்தியச் சார்ட்டர்டு அக்கௌண்டன்ட் கழகத்தின் முன்னாள் தலைவரும் சென்னை ஆடிட்டருமான டி. என். மனோகரன்.

அவர்கள் முன்னிருந்த வேலை எளிதன்று. சம்பளம் கொடுக்கப் பணமில்லை. வேலை கொடுத்த வெளிநாட்டு ஸ்தாபனங்கள் விலகிப்போகக் காத்திருந்தன. புதிய சபையோ உள்ள நிலையை மறைக்காமல் சொல்லி, வங்கிக் கடன் பெற்றுச் சம்பளம் கொடுத்து, பகிரங்க ஏலத்தில் கம்பெனிக்குப் புதிய உரிமையாளரைத் தேடிற்று. 2009 ஏப்ரல் 13ஆம் தேதி டெக் மஹிந்திரா கம்பெனி பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் என்று கேட்டு ஏலத்தில் வென்றது. பழைய கணக்குகள் திருத்தி எழுதப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. 2009-10ஆம் ஆண்டில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டிய அந்த ஸ்தாபனம், 2011-12ஆம் ஆண்டில் 1,300 கோடி ரூபாய் லாபம் ஈட்டியது. 2013ஆம் ஆண்டில் டெக் மஹிந்திராவுடன் இணைந்தது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொழில் அதே தொழில். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஊழியர்களே. மெய்க் கணக்கும், அக்கணக்கைக் கேட்கும் நிர்வாகமுமே புதிதாக வந்தவை. நல்ல நெசவாளிகள் இருந்தும் சங்கம் நொடித்துப்போனால், குறை கையில் இருக்கிறதா, கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

சட்டம் கற்றுக்கொண்டது

நாடாளுமன்றம் இயற்றிய 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இந்தப் பாடத்தில் பெரும் பகுதியை ஏற்றது. சந்தையில் பங்கு விற்கும் கம்பெனிகளில் ஒரே ஆடிட்டர் நிறுவனம் ஐந்தாண்டுத் தவணைகள் இரண்டுக்கு மேல் தொடர்ந்து இருக்கலாகாது என்று விதித்தது. உறவினர் சம்பந்தப்பட்ட பெரிய கொடுக்கல் வாங்கல்களில் சம்பந்தமுள்ள பங்குதாரர் வாக்களிக்கலாகாது என்றது. ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தனி ஆணையம் ஒன்று 2018ஆம் ஆண்டில் அமைந்தது.

பங்குதாரர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடரும் உரிமையும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியவர்கள் அவ்வாறு வழக்காடியதால், 2011ஆம் ஆண்டில் சத்யம் 12.5 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க இசைந்தது. இந்தியாவில் பங்கு வாங்கியவர்களுக்கு அத்தகைய வழி அன்று இல்லை. ஒரே பொய்யால் ஏமாந்த இரு சாராரில், கேட்கும் உரிமை உடையவருக்கே கிடைத்தது.

2015 ஏப்ரல் 9ஆம் தேதி ஹைதராபாத் தனி நீதிமன்றம் ராமலிங்க ராஜு உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்ததன்பேரில் மறுமாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. குற்றம் வெளிப்பட்ட நாள் தொட்டு முதல் தீர்ப்புக்கே ஆறாண்டுகளுக்கு மேல் ஆயின. பணம் போன பின்னர் வரும் நீதி எவ்வளவு மெல்ல நடக்கும் என்பதை இதனால் அறியலாம்.

நம் சங்கங்களுக்கு

கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. ஒரு பங்கு வைத்திருக்கும் நெசவாளியும் நூறு பங்கு வைத்திருக்கும் நெசவாளியும் மகாசபையில் சமம். இந்த அளவில் நம் ஏற்பாடு மேலானது. ஆனால் வேறொரு வகையில் நம் அங்கத்தினரின் நிலை கம்பெனிப் பங்குதாரர் நிலையைவிட அபாயமானது. கம்பெனியில் ஏதேனும் கேடு தெரிந்தால் பங்கின் விலை விழும். அது ஊருக்கெல்லாம் அடிக்கும் எச்சரிக்கை மணி. அச்சம் கொண்டவர் விற்றுவிட்டு விலகலாம். சங்கத்தின் பங்கோ எழுதிய விலையிலேயே இருக்கும். கிடங்கு காலியானாலும் 10 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய்ப் பங்காகவே ஏட்டில் நிற்கும். சந்தையில் விழுந்து எச்சரிக்காது. பாவுக்கு நூல் இல்லை என்று சொல்லும் நாளில்தான், கூலி பாக்கி என்று சொல்லும் நாளில்தான், கரும்புக் கிரயம் வரவில்லை என்று சொல்லும் நாளில்தான் அங்கத்தினருக்குத் தெரியவரும். ஆகையால் மகாசபை ஒன்றே நமக்குள்ள மணி. அதை அடிப்பவர் இல்லையெனில் வேறு மணி இல்லை.

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 80ஆம் பிரிவின்படி தணிக்கை உண்டு. 81ஆம் பிரிவின்படி விசாரணை உண்டு. தவறு செய்தவரிடமிருந்து இழப்பை மீட்க 87ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை உண்டு. இவை யாவும் தேவையே. ஆனால் விசாரணையும் தண்டத்தீர்வையும் இழப்பு நேர்ந்த பின்னர் வருபவை. இழப்பு நேராமல் தடுப்பதற்கு அங்கத்தினர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது: ஏட்டில் உள்ள இருப்பை யார் எண்ணினார்கள்? கிடங்கின் பொறுப்பில் இல்லாத ஒருவர் நூலையும் துணியையும் மூட்டையையும் கையால் தொட்டு எண்ணினாரா? வங்கி இருப்பைப் பற்றிய சான்று வங்கியிலிருந்து தணிக்கையாளருக்கு நேராக வந்ததா, சங்கத்தின் மேசை வழியாக வந்ததா?

இரண்டாவது: சங்கம் வாங்கிய பொருளையும் இடத்தையும் விற்றவர்கள் யார்? பொறுப்பிலுள்ள எவருக்கேனும் அவர்கள் உறவா? உறவெனில், தீர்மானம் நிறைவேறியபோது அவர் கூட்டத்தைவிட்டு வெளியே இருந்தாரா?

மூன்றாவது: சென்ற தணிக்கையில் கண்ட குறைகள் எவை? அவற்றுள் எவை திருத்தப்பட்டன, எவை நின்றுவிட்டன? இதற்கு விடை கேட்காமல் தணிக்கை அறிக்கையை 'ஏகமனதாக அங்கீகரிப்பது' அதனைப் படிக்காமல் மடித்து வைப்பதற்கே சமம்.

சங்கத்தின் பொறுப்பு நிர்வாக சபையிடம் இருப்பினும், தனி அலுவலரிடம் இருப்பினும், இக்கேள்விகளைக் கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. கேட்பவரைக் குழப்பக்காரர் என்று சொல்வதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. நேர்மையான காரியதரிசிக்கு இக்கேள்விகளால் இடையூறு இல்லை. அவருக்கு இவையே பாதுகாப்பு. எண்ணிப் பார்த்த இருப்பின் மீது எவரும் பின்னர் பழி சுமத்த முடியாது. உலக அறிவு படைத்த டைரக்டர்கள் பலர் கூடியிருந்தும் வங்கிக்கு ஒரு கடிதம் நேராகப் போகாமல் நின்றதை மேலே கண்டோம். அக்கடிதத்துக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

மகாசபைக் கூட்டத்தின் அறிவிப்பு வரும்போது, ஆண்டறிக்கையின் பிரதியையும் தணிக்கை அறிக்கையையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். எழுத்தறிந்த பிள்ளையைக் கொண்டாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்று தறியை அரை நாள் நிறுத்திவிட்டுப் போய் அமருங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டு, கிடைக்கும் விடைகளை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்துவிட்டு வீடு திரும்புங்கள்.